தொந்தோனியாவா, முசாரா, தாம்பியேவா: முதல் சுவைப்புக்கு எந்தப் புட்டி?

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கி, ஒரு குடும்பத்தின் சொந்தத் தோட்டத்தில் விளைந்த சிவப்பு ஒயினை முறையாகச் சுவைத்துப் பார்க்க முடிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவுக் கணக்கு ஒரே ஒரு நல்ல புட்டிக்குத்தான் இடம் தருகிறது. எதை வாங்குவது? இந்தக் கேள்விக்கு மூன்று பெயர்களை முன்வைக்கிறேன்: ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் லோப்பெஸ் தே எரேதியா குடும்பம் செய்யும் வின்யா தொந்தோனியா ரெசெர்வா, லெபனானில் ஹோஷார் குடும்பம் செய்யும் ஷாத்தோ முசார், பிரான்சின் தென்கரையில், பாந்தோலில், பெய்ரோ குடும்பத்தின் தொமேன் தாம்பியே. அன்றாடம் வாங்கிக் குடிக்கும் விலையில் இவை கிடைப்பதில்லை என்றாலும், ஏலத்தில் மட்டுமே கைமாறும் அரிய புட்டிகளின் விலைக்கும் இவை ஏறிவிடவில்லை. நல்ல ஒயின் கடை உள்ள பெருநகரங்களில் மூன்றையும் தேடிப் பிடித்துவிடலாம்.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கருத்த நிறம், மிகுந்த பழச்சாறு, புதிய மரப்பீப்பாயின் வெனிலா வாசம் ஆகியவற்றையே உலகச் சந்தை கொண்டாடிய பத்தாண்டுகளில்கூட, இந்தக் குடும்பங்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் மூன்றின் முறையும் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பயன்படும் அளவுகோல், பழமோ மண்ணோ விமர்சகர் தரும் மதிப்பெண்ணோ அன்று; காத்திருக்கும் பொறுப்பை யார் ஏற்கிறார் என்பதே அது. சிவப்பு ஒயின் முதிர வேண்டும். அந்த ஆண்டுகளைத் தோட்டக்காரர் தம் நிலவறையில் கழித்துத் தருகிறாரா, அல்லது வாங்குபவர் தம் வீட்டில் கழிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே, அன்று மாலை மேசையில் திறக்கப்படும் புட்டி பேசுமா, வாய்மூடி நிற்குமா என்பது அமைகிறது. ஏழு எட்டு வயதில் இறுகிக் கிடக்கும் ஒயினைத் திறந்துவிட்டு, இதற்கா இத்தனை புகழ் என்று எழுந்து போகும் முதல்முறைச் சுவைஞர்கள் பலர். அவர்கள் மீது பிழையில்லை. புட்டித் தேர்வில்தான் பிழை.

குடும்பச் சொத்து என்ற சொல்லையும் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. உரிமை குடும்பத்திடம் இருப்பதாலேயே ஒயின் செய்வதும் குடும்பத்தின் கைதான் என்று ஆகிவிடாது. லோப்பெஸ் தே எரேதியாவில் நான்காம் தலைமுறையான மரியா ஹோசே, மெர்செதெஸ், ஹூலியோ செசார் ஆகிய உடன்பிறந்தோர் தோட்டத்தையும் நிலவறையையும் தாங்களே நடத்துகிறார்கள். ஒயின் செய்யும் பொறுப்பு மெர்செதெஸிடம் இருக்கிறது. முசாரில் 1991 முதல் தாரெக் சக்ர் ஒயின் செய்பவராக இருந்துவருகிறார். தாம்பியேவில் 2000 முதல் நிர்வாகத்தைக் கவனிப்பவர் தானியேல் ரவியே. இவ்விருவரும் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். இதனால் இவ்விரண்டின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. முன்னோர் எடுத்த முடிவுகளை ஒரு வெளியாள் மாற்றாமல் காத்துவருவதும் குடும்பத்தின் வலிமைக்குச் சான்றுதான். எனினும், ஒரு குடும்பத்தின் கையை நேரடியாகச் சுவைக்க வேண்டும் என்பதே நோக்கமானால், தொந்தோனியாவுக்கு இந்த ஓர் அம்சத்தில் மற்ற இரண்டையும்விட உரிமை அதிகம்.

தொந்தோனியாவின் கதை பிரான்சின் துயரத்திலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, போர்தோ வணிகர்கள் மலைத்தொடரைக் கடந்து ரியோஹாவுக்கு ஒயின் தேடி வந்தார்கள். ஆரோ என்ற சிற்றூரில் இரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் ஒயின் செய்யும் மனைகள் வரிசையாக எழுந்தன. அங்கே ரஃபாயெல் லோப்பெஸ் தே எரேதியா 1877இல் தம் மனையைத் தொடங்கினார். எப்ரோ ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், அதன் வலக்கரையில், ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்புள்ள தொந்தோனியா தோட்டத்தில் 1913–14 வாக்கில் கொடிகள் நடப்பட்டன. அந்தத் தோட்டம் இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

இந்த மனையின் நிலவறைச் செயல்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புட்டியில் இருப்பதில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. ரியோஹாவின் விதிப்படி ரெசெர்வா என்று பெயரிட மூன்று ஆண்டு முதிர்வு போதும். அதில் ஓராண்டு மட்டும் ஓக் பீப்பாயில் இருந்தால் சரி. தொந்தோனியா ரெசெர்வாவோ பீப்பாயில் மட்டுமே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஆண்டுக்கு இருமுறை ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, அடியில் தங்கிய வண்டலை நீக்குகிறார்கள். பின்பு முட்டையின் வெள்ளைக்கருவைக் கொண்டு தெளியவைத்து, வடிகட்டாமல் புட்டியில் அடைத்து, மேலும் சில ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். அறுவடையிலிருந்து கடைக்கு வர பத்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிடுகிறது. பத்தாண்டு விளைச்சலை விற்காமல் நிலவறையில் அடுக்கி வைத்திருப்பது எத்தகைய முதலீடு என்பதை எந்த வணிகரும் உடனே புரிந்துகொள்வார். பங்குதாரர்களுக்குக் காலாண்டுக் கணக்கு காட்ட வேண்டிய நிறுவனம் இதைச் செய்யத் துணியாது. உரிமை ஒரே குடும்பத்திடம் இருப்பதால்தான் இது இயலுகிறது என்பது என் கருத்து.

பீப்பாய்களையும் அவர்களே செய்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து ஓக் மரத்தை வருவித்து, மனைக்குள்ளேயே உள்ள பட்டறையில் பலகை சீவி, நெருப்பில் வளைத்து, வளையம் பூட்டுகிறார்கள். பழுதானவற்றைச் செப்பனிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ஆறு ஆண்டு பீப்பாயில் இருந்த ஒயின் மரவாசம் மட்டுமே வீசும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பழைய பீப்பாய் தன் வாசத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்திருப்பதால், அது வாசம் ஊட்டும் கலமாக இல்லாமல், மரத்துளைகள் வழியே மிகச் சிறிதளவு காற்றை உள்ளே விடும் கலமாக மட்டுமே நிற்கிறது. அந்த மெல்லிய காற்றோட்டத்தில் நிறமிகளும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று இணைந்து, சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறி, துவர்ப்பின் முனைகள் மழுங்குகின்றன. நிலவறைச் சுவர்களிலும் புட்டிகளின் மீதும் படர்ந்திருக்கும் சிலந்தி வலைகளை அவர்கள் அகற்றுவதில்லை. தக்கையைத் துளைக்கும் பூச்சிகளைச் சிலந்திகள் தின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு.

சுவையில் தொந்தோனியா மெலிந்த உடம்புடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் வாயை நிறைக்கும் கனத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். டெம்ப்ரானில்லோ திராட்சை ஏறக்குறைய முக்கால் பங்கும், கர்னாச்சா, கிராசியானோ, மசுவெலோ ஆகியவை எஞ்சிய பங்குமாகக் கலந்த இந்த ஒயினில் உலர்ந்த செர்ரி, ஆரஞ்சுத் தோல், பதப்படுத்திய தோல், புகையிலை ஆகியவற்றின் மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன; அடியில் ஒரு மெல்லிய தேங்காய் வாசம் உண்டு, அது அமெரிக்க ஓக்கின் அடையாளம். புளிப்பு நேராகவும் தெளிவாகவும் நிற்கும். விழுங்கிய பிறகு அந்தப் புளிப்பே நாக்கில் சுவையை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பின்சுவையின் நீளம்தான் தொந்தோனியாவின் பெருமை என்பேன். முதல் வாய்க்கே எல்லாவற்றையும் தந்துவிடும் ஒயின்களுக்கு நேர் எதிரான குணம் இது.

அதே மனையின் கிரான் ரெசெர்வா சிறந்த ஆண்டுகளில் மட்டுமே வெளிவருவது, விலையும் பன்மடங்கு. முதல் சுவைப்புக்கு அது தேவையில்லை. மூன்று ஆண்டு பீப்பாயில் இருந்து வரும் குபில்யோ என்ற எளிய ஒயின் மலிவாகக் கிடைக்கும். செலவு இடித்தால் அதை எடுக்கலாம், ஆனால் அதில் குடும்பத்தின் காத்திருப்பு பாதிதான் தெரியும்.

முசாருக்கு வருகிறேன். கஸ்தோன் ஹோஷார் 1930இல், பெய்ரூத்துக்கு வடக்கே கஸீர் என்ற ஊரில், கடலை நோக்கிய மலைச்சரிவில் ஒரு பழைய கோட்டையில் ஒயின் செய்யத் தொடங்கினார். தோட்டங்களோ அங்கே இல்லை. லெபனான் மலைத்தொடரின் மறுபுறத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெக்கா சமவெளியில்தான் அவை இருக்கின்றன. ஒயின் கடவுளான பாக்கஸுக்கு ரோமானியர் கட்டிய கோயில் இன்றும் நிற்கும் பால்பெக் அதே சமவெளியில் உள்ளது. ஆகவே ஒவ்வோர் அறுவடையிலும் பறித்த திராட்சை மலையைக் கடந்து லாரியில் வந்தாக வேண்டும். கஸ்தோனின் மூத்த மகன் செர்ஜ், போர்தோவில் ஒயின் இயல் பயின்றவர், 1959இல் ஒயின் செய்யும் பொறுப்பை ஏற்றார். இளைய மகன் ரொனால்ட் வணிகத்தைப் பார்த்துக்கொண்டார்.

1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1990 வரை நீண்டது. அந்த ஆண்டுகளில் அறுவடைக்கும் நிலவறைக்கும் இடையே இருந்த மலைப்பாதை படைகள் மாறிமாறிக் காவல் நின்ற பாதை. 1976இல் ஒயின் செய்யவே இயலவில்லை. 1984இல் பாதைகள் அடைபட்டு, வழியில் தேங்கிய லாரிகளிலேயே திராட்சை நொதிக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஒயினைக் குடும்பம் அப்போது சந்தைக்கு அனுப்பவில்லை. இவ்விரண்டைத் தவிர மற்ற எல்லா ஆண்டுகளிலும் முசார் பிறந்தது. உள்நாட்டுச் சந்தை அழிந்த நிலையில் செர்ஜ் வெளிநாடுகளை நோக்கினார். 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் பிரித்தானிய ஒயின் விமர்சகர் மைக்கேல் பிராட்பென்ட் 1967ஆம் ஆண்டு முசாரைச் சுவைத்துப் பாராட்டிய பிறகு, பிரித்தானியாவில் இந்தப் பெயர் பரவியது. டிகான்டர் என்னும் ஒயின் இதழ் 1984இல் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதைத் தொடங்கியபோது, அதை முதலில் பெற்றவர் செர்ஜ் ஹோஷார். அவர் 2014இன் கடைசி நாளில் காலமானார். அடுத்த தலைமுறை மனையை நடத்துகிறது.

இந்த வரலாற்றைப் பலர் புட்டிக்கு ஒட்டிய அனுதாபச் சீட்டாக எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. முசாரின் சுவையில் காணப்படும் துணிச்சலுக்கும், ஆண்டுக்கு ஆண்டு மாறும் இயல்புக்கும், அதைச் செய்தவர்கள் நிலைமையை அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழகியதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றே நம்புகிறேன். கபர்னே சொவிஞோன், சான்சோ, கரிஞான் ஆகிய மூன்று திராட்சை வகைகளும் தனித்தனியே கான்கிரீட் தொட்டிகளில், வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல், தாமாகவே நொதிக்கின்றன. பின்பு பிரான்சின் நெவேர் காட்டு ஓக் பீப்பாயில் ஏறத்தாழ ஓராண்டு. அதன் பிறகுதான் கலப்பு. மூன்றும் ஏறக்குறைய சம பங்கு என்பார்கள், ஆனால் சில ஆண்டுகளில் கபர்னேயின் இறுக்கம் மேலோங்கும், சில ஆண்டுகளில் சான்சோவின் நறுமணமும் மென்மையும் மேலோங்கும். வடிகட்டாமல் புட்டியில் அடைத்து, அறுவடையிலிருந்து ஏழாம் ஆண்டில் வெளியிடுகிறார்கள்.

முசாரில் ஒரு கூர்மை உண்டு. மூக்கருகே கோப்பையைக் கொண்டுசென்றதும் லேசான வினிகர் நெடி போன்ற ஒன்று எழும். நொதித்தலின்போது அசிட்டிக் அமிலம் சிறிதளவு கூடுவதால் வருவது அது. அளவோடு இருக்கும்போது மற்ற மணங்களையெல்லாம் அதுவே மேலே தூக்கிக் காட்டுகிறது; அளவு மீறினால் ஒயின் கெட்டுவிடும். முசார் அந்த எல்லைக்கோட்டின் மிக அருகில் நடக்கும் ஒயின். கூடவே, சில புட்டிகளில் பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் தரும் குதிரைக்கொட்டகை வாடையும் சேரும். ஆய்வுக்கூட அளவுகோலின்படி இவை குறைகள். ஆனால் அரைமணி நேரம் பொறுத்திருந்தால், அந்த நெடி தணிந்து, அத்திப்பழம், கிராம்பு, தேவதாரு மரம், நன்கு பழுத்த செர்ரி, காய்ந்த ரோஜா இதழ் என்று மணங்கள் விரியத் தொடங்கும். இரண்டு மணி நேரம் கழித்து அதே கோப்பையில் இருப்பது வேறோர் ஒயின் போலத் தோன்றும். மறுநாள் வரை மூடிவைத்த மிச்சம் முதல்நாளைவிட மேலாக இருப்பதும் உண்டு. இத்தனை மாற்றங்களை ஒரே புட்டிக்குள் காட்டும் வேறொரு ஒயினை இந்த விலைத்தட்டில் நான் அறியேன்.

தேர்வு என்ற கோணத்தில் இதுவே முசாரின் சிக்கலும். இரண்டு புட்டிகள் ஒன்றுபோல் இருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஐந்து பேர் கூடியிருக்கும் மேசையில், ஒருவர் முதல் முகர்விலேயே முகம் சுளித்து, இது கெட்டுப்போயிருக்கிறது என்று அறிவித்துவிட்டால், மற்ற நால்வரின் மூக்கும் அந்த வாடையை மட்டுமே தேடத் தொடங்கும். அதன் பிறகு மேசையை மீட்பது கடினம். முன்கூட்டியே விளக்கி வைப்பதும் முழுத் தீர்வாகாது, ஏனெனில் விளக்கிச் சொன்னதைத்தான் எல்லாரும் முகர்வார்கள்.

தாம்பியேவைப் பற்றிச் சற்றுச் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன். குறைந்த ஒயின் என்பதால் அன்று, நாம் கேட்கும் கேள்விக்கு அதன் விடை விரைவில் கிடைத்துவிடுகிறது என்பதால். மத்தியதரைக் கடலை நோக்கிப் படிக்கட்டு வயல்களாக இறங்கும் பாந்தோல் மலைச்சரிவுகளில் ஒரு காலத்தில் மூர்வேத்ரு என்னும் திராட்சையே முதன்மையாக இருந்தது. பிலோக்சராவுக்குப் பின் மறுநடவு செய்தவர்கள் அதிக விளைச்சல் தரும் வேறு வகைகளுக்கு மாறினார்கள். மூர்வேத்ரு தாமதமாகப் பழுப்பது, விளைச்சல் குறைந்தது, ஆகவே ஒதுக்கப்பட்டது. லூசி தாம்பியே என்ற பெண்ணை 1936இல் மணந்த லூசியன் பெய்ரோ, மாமனார் திறந்து தந்த, பிலோக்சராவுக்கு முந்திய பழைய பாந்தோல் புட்டி ஒன்றைச் சுவைத்து, அந்தத் தரத்தை மீட்டே தீருவது என்று உறுதிகொண்டார். 1941இல் பாந்தோலுக்கு மூலப்பகுதிச் சட்ட ஏற்பு (விளைந்த பகுதியின் பெயரில் விற்கச் சட்டம் தரும் உரிமை) கிடைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அந்தப் பெயரில் வரும் சிவப்பு ஒயினில் பாதிக்குக் குறையாமல் மூர்வேத்ரு இருக்க வேண்டும் என்பதும், குறைந்தது 18 மாதம் மரத்தாலான கலத்தில் முதிர வேண்டும் என்பதும் விதி. லூலூ என்று அழைக்கப்பட்ட லூசி, 2020இல், நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

தாம்பியேவில் சிறிய பீப்பாய்களுக்கு மாறாகப் பெரிய ஓக் கலங்களில் ஒயினை முதிர வைக்கிறார்கள். அறுவடையிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அது கடைக்கு வந்துவிடுகிறது. அந்த இளமையில் அதன் துவர்ப்பு வாய் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். அரைப்பழமான நாவற்பழத்தைக் கடித்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். மணமும் முதலில் மூடியே இருக்கும். சில வேளை இரும்பு வாடையும் பச்சை இறைச்சி வாடையும் முந்திக்கொண்டு வரும். பத்து ஆண்டுகள் சரியான குளிர்ச்சியில் வைத்துத் திறந்தால், கருநாவல் நிறமுள்ள பழங்கள், தைம், ரோஸ்மேரி போன்ற அந்த மலைச்சரிவின் செடிகள், தோல், மிளகு ஆகிய மணங்களோடு கம்பீரமான ஒயினாக நிற்கும். லா மிகுவா, லா தூர்த்தீன், கபாசவு என்று தனித்தனிச் சரிவுகளின் பெயரில் வரும் புட்டிகளும் இதே குடும்பத்துடையவை; கபாசவுவில் ஏறத்தாழ முழுவதும் மூர்வேத்ருதான், எனவே அதற்கு இன்னும் நீண்ட பொறுமை வேண்டும்.

ஆகவே தாம்பியேவை வாங்குவது என்றால் காத்திருப்பை வாங்குபவரே ஏற்பது என்று பொருள். குளிரூட்டப்பட்ட ஒயின் பெட்டியோ, ஆண்டு முழுவதும் 13 டிகிரி அளவில் நிற்கும் நிலவறையோ இருப்பவர்களுக்கு அது ஒரு மகிழ்ச்சி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ சாதாரண அலமாரியில் பத்து ஆண்டு வைத்திருந்தால், முதிர்வதற்கு முன்பே வெந்துவிடும். முதிர்ந்த தாம்பியே புட்டியைக் கடையில் வாங்க முடியும் என்றாலும், இடையில் அது எங்கே, எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதற்கு உறுதி கிடைப்பது அரிது. மனையின் சொந்த நிலவறையிலேயே ஆண்டுகளைக் கழித்துவிட்டு வரும் தொந்தோனியாவுக்கும் முசாருக்கும் இந்த ஐயம் பெரிதும் குறைவு. இதை நான் மிகப் பெரிய அனுகூலமாகக் கருதுகிறேன். சுவையைப் பற்றிய எல்லா வாதங்களுக்கும் முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி புட்டி நலமாக வந்து சேர்ந்ததா என்பதுதான்.

உணவையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆரோவைச் சுற்றிய ஊர்களில், வெட்டிய திராட்சைக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளைச் சுடுவார்கள். உப்பைத் தவிர வேறெதுவும் இராது. தொந்தோனியாவின் புளிப்பு அந்தக் கொழுப்பை அறுத்துச் செல்வதைச் சுவைத்தால், அந்த ஒயின் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். முசாருக்கு லெபனான் மேசையின் வாசனைப் பொருள்கள் கலந்த இறைச்சி இயல்பான துணை. தாம்பியேவோ உணவில்லாமல் இருக்கவே விரும்பாது. இளம் தாம்பியேவின் துவர்ப்பைத் தாங்க, மெதுவாக வேகவைத்த கொழுப்புள்ள இறைச்சி வேண்டும். நம் சமையலோடு சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் பெருக்கிக் காட்டும். 14 சதவீதத்தைத் தொடும் தாம்பியேவோடு காரக்குழம்பு வைத்தால் இரண்டுமே தோற்றுவிடும். மிளகும் சீரகமும் மட்டும் சேர்த்து, காரம் அடக்கி வறுத்த ஆட்டுக்கறி தொந்தோனியாவோடு நன்றாகவே பொருந்துகிறது. சுவைப்பு முடியும் வரை உணவைத் தள்ளிவைத்து, வெறும் ரொட்டித் துண்டும் நீரும் மட்டும் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எந்தப் புட்டியை எடுத்தாலும் மூன்று செயல்கள் கட்டாயம். முதலாவது, முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வைப்பது. முதிர்ந்த ஒயினில் நிறமியும் துவர்ப்பும் சேர்ந்து படிந்த வண்டல் அடியில் இறங்க நேரம் வேண்டும். அடுத்தது வெப்பம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்ற வழக்கு குளிர்நாட்டு அறைகளை வைத்து எழுந்தது. நமக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி வரை. வெப்பமான ஊரில் இருப்பவர்கள் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக வைத்து எடுக்கலாம். முப்பது டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹாலின் நெடியே எல்லாவற்றையும் மூடிவிடும். மெல்லிய தொந்தோனியா அதில் முற்றிலும் காணாமல் போகும். மூன்றாவது, கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் இருப்பது. எஞ்சிய இடத்தில்தான் மணம் தங்குகிறது.

காற்றுப் படவிடும் முறையில் மூன்றும் வேறுபடுகின்றன. தொந்தோனியா பீப்பாயிலேயே வேண்டிய காற்றைப் பெற்றுவிட்டது. ஊற்றும் நேரத்தில் வண்டல் வராமல் மெல்ல வேறொரு கண்ணாடிச் சாடிக்கு மாற்றினால் போதும், நெடுநேரம் வைத்தால் அதன் நுண்மணங்கள் கரைந்துபோகும். முசாரைச் சாடியில் ஊற்றி இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இளம் தாம்பியேவுக்கு நான்கு மணி நேரம்கூட அதிகமில்லை, காலையிலேயே திறந்து சாடியில் ஊற்றி வைப்பவர்களும் உண்டு.

இனி என் முடிவு. முதல்முறையாகக் கூடும் ஐந்து பேருக்கு, ஒரே புட்டி என்றால், வின்யா தொந்தோனியா ரெசெர்வாவைத்தான் வாங்கச் சொல்வேன். அது திறக்கும்போதே முதிர்ந்திருக்கிறது. புட்டிக்குப் புட்டி அதிகம் மாறுவதில்லை. நீண்ட தயாரிப்பு எதையும் கேட்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடும்பம் தன் பணத்தையும் ஆண்டுகளையும் இட்டுக் காத்திருந்ததன் விளைவை வாங்குபவர் எந்தச் சுமையும் இல்லாமல் பெறுகிறார். அதன் மெலிந்த உடம்பு முதலில் ஏமாற்றமளிக்கலாம் என்று மேலே கூறினேன். அதற்கு மருந்து, ஒவ்வொருவரும் விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பதுதான். பின்சுவை அந்த ஒரு நிமிடத்தில் தன்னை நிறுவிக்கொள்ளும்.

இருவர் மட்டும் அமர்கிறார்கள், அவசரம் இல்லை, ஒயினில் ஓரளவு பழக்கமும் உண்டு என்றால், என் விடை மாறிவிடும். அப்போது தயங்காமல் முசார்தான். மூன்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானதும் அதுவே. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோப்பை என்று இரவு நெடுகச் சுவைத்து, கால் புட்டியை மறுநாளுக்கு வைத்தால், அதன் முழு உருவம் தெரியும். முகம் சுளிக்க வைக்கும் அந்த முதல் நெடியைப் பொறுத்துக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தாம்பியே, குளிர்ந்த சேமிப்பிடம் உள்ளவர்களுக்கு. அவர்களும் ஒன்றை வாங்குவதைவிட ஒரே ஆண்டின் இரண்டு புட்டிகளை வாங்குவதே அறிவுடைமை. ஒன்றை இப்போது கொழுப்புள்ள இறைச்சியோடு திறந்து, அதன் இறுக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மற்றொன்றைப் பத்தாண்டு கழித்துத் திறந்தால், மூர்வேத்ரு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதைத் தங்கள் நாக்கிலேயே அறிவார்கள். அந்த அனுபவத்தை மற்ற இரு குடும்பங்களின் ஒயினும் தராது. அவர்கள் அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை நம் கண்ணுக்குத் தெரியாமல் நிலவறையிலேயே முடித்துவிடுகிறார்கள்.

பணத்தைப் பகிர்ந்து மூன்றையும் ஒரே மாலையில் திறக்க முடிகிறவர்கள் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்: முதலில் தொந்தோனியா, இரண்டாவதாக முசார், கடைசியில் தாம்பியே. துவர்ப்பு மிகுந்ததை முன்னால் வைத்தால், நாக்கு இறுகிவிடும். அதன் பின் வரும் தொந்தோனியா வெறும் புளித்தண்ணீராகத் தோன்றும். தாம்பியேவைக் காலையிலும் முசாரை மாலை நான்கு மணி அளவிலும் சாடியில் ஊற்றிவிட்டு, தொந்தோனியாவை விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு திறந்தால் நேரம் சரியாக அமையும்.